மூன்றாம் வகுப்புக் கூரையும் கண்ணிய வாரியமும்

பொதுவாழ்வில் இருக்கிறவர்கள் இணையத்தில் சண்டை போட்டுக்கொள்வதைப் பார்த்துப் பார்த்து ஒருநாள் அரசாங்கத்துக்கு வெட்கமாகிவிட்டது. சண்டையின் காரணங்களைப் போக்குவதென்றால் சாலை போட வேண்டும், குழாயில் தண்ணீர் விட வேண்டும், இன்னும் என்னென்னவோ செய்து தொலைக்க வேண்டும். மார்க் போடுவதென்றால் ஒரு கட்டடமும் நாலு ரப்பர் ஸ்டாம்பும் போதும். அப்படிப் பிறந்ததுதான் இணையக் கண்ணிய வாரியம். ஏழு மாடி, வாசல் பூராவும் பளிங்கு. உள்ளே நுழைந்ததும் 'மெல்லப் பேசுக' என்று ஒரு பலகை; அந்தப் பலகையைக் காட்டி வருகிறவர்களை அதட்டுவதற்கு ஒரு காவலர்.

வாரியத்தின் சட்டம் எளிமையானது. மேயரோ, வார்டு உறுப்பினரோ, நடிகரோ, நாலு பேருக்குத் தெரிந்த இருவர் இணையத்தில் மோதிக்கொண்டால் அந்த மோதல் வாரியத்துக்கு வந்துவிடும். இருவருக்கும் நூற்றுக்கு இவ்வளவு என்று மார்க். முப்பத்தைந்துக்குக் கீழே போனவருக்குத் தொண்ணூறு நாள் 'மௌன விடுப்பு', அதாவது வாயைத் திறக்கக் கூடாது. அதிக மார்க் வாங்கியவர் ஜெயித்தவர். அவர் ஜெயித்துவிட்டால் சண்டை எதைப் பற்றியதோ அந்த விஷயமும் தொண்ணூறு நாளைக்கு முடிந்துபோன விஷயம். எந்த அலுவலகத்திலும் அந்தக் கோப்பைத் திறக்கக் கூடாது. இப்படிக் கண்ணியமாகத் தோற்கடிக்கப்பட்ட ஒரு சாக்கடை அந்த ஊரின் இரண்டு தெருக்களில் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

'நடுவர்கள் தேவை' என்று வாரியம் விளம்பரம் கொடுத்தபோது நம்ம ரெஃப்ரி விண்ணப்பித்தார். கால்பந்து மைதானத்தில் இருபத்திரண்டு வருஷம் ஓடியவர். முழங்கால் தேய்ந்துபோய், இனி ஓடினால் உட்கார வேண்டியதுதான் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். எந்த மாதிரி நடுவர் என்று விளம்பரத்தில் இல்லை, இவரும் கேட்கவில்லை. நேர்முகத் தேர்வில் ஒரே ஒரு கேள்வி: "சண்டையைப் பக்கத்துல இருந்து பார்த்த அனுபவம் உண்டா?" "சனி, ஞாயிறு ரெண்டு நாளும்" என்றார். ஆறு மாதத் தற்காலிக வேலை கிடைத்துவிட்டது.

முதல் நாள் மேற்பார்வையாளர் அம்மா அவரை ஒரு கணினியின் முன்னால் உட்காரவைத்தார். குரலை உயர்த்தியே அறியாத அம்மா அவர். திட்டினாலும் தாலாட்டு மாதிரிதான் இருக்கும். திரையில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். 'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் ■■■■ ■■■ குறித்து மகிழ்ச்சி' என்று ஒருவர். 'யோவ் ■■■■, ■■■■ எங்கேய்யா ■■■?' என்று இன்னொருவர்.

"மேடம், நடுவுல எல்லாம் கறுப்பா இருக்கு. ஸ்கிரீன் கெட்டுப்போச்சா?"

"இல்ல சார். விஷயத்தை மறைச்சிருக்கோம். விஷயம் தெரிஞ்சா மனசு ஒரு பக்கம் சாஞ்சிடும். நீங்க தொனிக்கு மட்டும் மார்க் போடுங்க."

"பந்தை மறைச்சிட்டு யாரு ஃபவுல் பண்ணாங்கன்னு கேட்டா எப்படி மேடம்?"

"பந்தைப் பாக்குறதாலதான் சார் மைதானத்துல அவ்வளவு சண்டை வருது."

ரெஃப்ரி நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். 

கழித்தல் பட்டியல் என்று பதினெட்டுப் பக்கம் கொடுத்தார்கள். ஆச்சரியக்குறி ஒன்றுக்கு நாலு மார்க் போகும். 'உடனே' என்றால் ஆறு. 'பொய்' என்று சொன்னால் பத்து; பொய் சொன்னால் ஒன்றும் போகாது. எண்ணிக்கை, தேதி ஏதாவது குறிப்பிட்டால் மூன்று, ஏனென்றால் அது எதிராளியைச் சங்கடப்படுத்தும். கூட்டல் பட்டியலும் உண்டு, அது அரைப் பக்கம்தான். 'பரிசீலிக்கிறோம்' என்றால் ஐந்து. 'மனம் நெகிழ்ந்தேன்' என்றால் எட்டு. ஒவ்வொரு மோதலையும் ஐந்து நடுவர்கள் பார்ப்பார்கள். மற்ற நாலு பேரின் சராசரியிலிருந்து பத்து மார்க்குக்கு மேல் விலகினால் விசாரணை, மூன்று முறை விலகினால் வீடு. மைதானத்தில் வேர்க்க விறுவிறுக்க ஓடிய மனுஷன் மூன்று வாரத்தில் பக்கத்து நாற்காலியை ஓரக்கண்ணால் பார்த்து மார்க் போடப் பழகிவிட்டார். சம்பளம் வந்தது. முழங்காலும் வலிக்கவில்லை.

அப்புறம்தான் அந்தச் சாயங்காலம் வந்தது. மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள் குட்டிக்கு அவருடைய மனைவி தலை வாரிக்கொண்டிருந்தாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். எதையும் வெளிச்சத்தில் பிடித்துப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பாள். சீப்பில் வெள்ளை வெள்ளையாக ஏதோ வந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சுண்ணாம்பும் சிமென்டுமாக இருந்தது.

"என்னடி இது?"

"மேல இருந்து விழும்மா. தினமும் விழும். டீச்சர் குடை வெச்சிருக்காங்க."

மறுநாள் காலை புருஷனும் பெண்டாட்டியும் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். மூன்றாம் வகுப்புக் கூரை நடுவில் தொப்பை போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. துரு ஏறிய கம்பி நாலு இடத்தில் வெளியே தெரிந்தது. கீழே முப்பத்தெட்டுப் பிள்ளைகள் கிசுகிசுவென்று வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். 

"ஏழு தடவை எழுதிட்டேன்" என்றார் தலைமையாசிரியை. "வேற ரூம் இல்ல. சத்தம் போட்டுப் படிக்க வேண்டாம்னு மட்டும் பிள்ளைங்ககிட்ட சொல்லியிருக்கேன். அதிர்வு பாருங்க."

மனைவி அங்கிருந்து நேராக வார்டு உறுப்பினர் வீட்டுக்குப் போனாள். அந்த உறுப்பினருக்கு ஊர் வைத்த பெயர் சைரன். மூன்று தெரு தள்ளிக் கேட்கும் குரல், எழுத்தும் அதே வால்யூமில்தான் வரும். சைரன் அப்போதே போனை எடுத்து, இவள் கண்ணெதிரே இணையத்தில் போட்டாள்: 'மேயரே, மூணாம் வகுப்புக் கூரை தொங்குது! கம்பி தெரியுது! கீழ முப்பத்தெட்டுப் பிள்ளைங்க! விழுந்தா ஒண்ணும் மிஞ்சாது! உடனே அந்த ரூமைப் பூட்டுங்க!'

மேயருக்குப் பட்டு மேயர் என்று பெயர். அத்தனை வழவழப்பு. பத்தே நிமிஷத்தில் பதில் வந்துவிட்டது. 'அன்புச் சகோதரி, தங்கள் அக்கறை கண்டு மனம் நெகிழ்ந்தேன். கூரைகள் நம் அனைவருக்கும் பொதுவானவை. தங்கள் கருத்தைப் பரிசீலிக்கிறோம். தங்கள் நாள் இனிதாகுக.'

வீட்டுக்கு வந்து மனைவி இரண்டையும் வாசித்துக் காட்டினாள்.  நாளைக் காலையில் இது எங்கே வந்து நிற்கும் என்று ரெஃப்ரிக்குத் தெரியாதா என்ன.

வந்து நின்றது. 'மேயரே, ■■■ ■■■■ ■■■ ■■■■! ■■■ ■■■■! கீழ ■■■■■■ ■■■! ■■■■ ■■■ ■■■■! உடனே ■■ ■■■ ■■■!' மற்ற நாலு நடுவர்களும் ஆச்சரியக்குறியை எண்ணிக்கொண்டிருந்தார்கள். ரெஃப்ரி மட்டும் அந்தக் கறுப்புப் பட்டைகளுக்குப் பின்னால் தன் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சைரனுக்குத் தொண்ணூற்று இரண்டு போட்டார். மேயருக்குப் பதினான்கு. மற்ற நாலு பேரின் சராசரி வந்தது: சைரன் ஒன்பது, மேயர் தொண்ணூற்று ஏழு. சைரனுக்கு மௌன விடுப்பு, கூரைக் கோப்புக்குப் பூட்டு.

அரை மணி நேரத்தில் மேற்பார்வையாளர் அம்மா பக்கத்தில் வந்து நின்றார்.

"சார், எண்பத்து மூணு மார்க் விலகியிருக்கீங்க. வாரியம் ஆரம்பிச்சதுல இருந்து இது ரெக்கார்டு. உடம்பு சரியில்லையா?"

"மேடம், அது என்ன விஷயம்னு எனக்குத் தெரியும்."

 அந்த அம்மா சுற்றிலும் பார்த்துவிட்டு இன்னும் குரலைத் தாழ்த்தினார். "சத்தமா சொல்லாதீங்க சார். பொருளறிவுக் குற்றம். விஷயம் தெரிஞ்சுக்கிட்டு மார்க் போட்டா இங்க மன்னிப்பே கிடையாது."

ஏழாவது மாடியில் தலைவரின் அறை. கம்பளத்தில் கால் புதைந்தது. தலைவர் எழுந்து நின்று வரவேற்றார், நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டார், தண்ணீர் வேண்டுமா என்று இரண்டு தடவை கேட்டார். ரெஃப்ரிக்கோ உட்கார முடியவில்லை. மணி பதினொன்று, இரண்டாவது பாடவேளை ஓடிக்கொண்டிருக்கும்.

"ரெஃப்ரி சார், நான் முப்பது வருஷமா பொதுச்சேவையில இருக்கேன். இதுவரைக்கும் ஒரு கோப்பையும் முழுசாப் படிச்சதில்ல. படிச்சா எனக்கே ஒரு கருத்து வந்துடும். கருத்து வந்தா குரல் உயரும். குரல் உயர்ந்தா அப்புறம் எனக்கும் தெருவுல போறவனுக்கும் என்ன வித்தியாசம்?"

"சார், நிஜமாவே விழப்போகுது சார்."

"எதுன்னு சொல்லிடாதீங்க." தலைவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு காதை மட்டும் திறந்தார். "நீங்க சொல்றது உண்மையா இருக்கலாம். நான் மறுக்கல. உண்மை எது, பொய் எதுன்னு பாக்க ஒரு துறை இருந்துச்சு. போன வருஷம் அதை எங்களோட இணைச்சிட்டாங்க. நாலாவது மாடியில இருந்தாங்க. இப்ப அங்க கேன்டீன். டீ நல்லா இருக்கும், குடிச்சிட்டுப் போங்க."

"அப்ப அந்த விஷயத்தை யார்கிட்ட சார் சொல்றது?"

"யார்கிட்ட வேணும்னாலும் சொல்லலாம். எப்படிச் சொல்றோம்கிறதுதான் முக்கியம். எங்க மென்மைப் பிரிவுக்குப் போங்க. மௌன விடுப்புல இருக்கிறவங்க சார்பா வாரியமே ஒரு கண்ணியக் கடிதம் எழுதிக் கொடுக்கும். அது தொண்ணூறு மார்க் தாண்டிட்டா கோப்பைத் திறக்கலாம். உங்க முதல் குற்றத்தை நான் மன்னிச்சிட்டேன்."

ரெஃப்ரிக்கு நம்பிக்கை வந்துவிட்டது, பாவம். மாடிப்படியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

மென்மைப் பிரிவில் மூன்று பேர். மூத்தவர் முன்னால் வாழ்த்து அட்டைகளுக்கு வாசகம் எழுதிக்கொண்டிருந்தவர். சைரனின் ஐந்து வரியை மேஜைமேல் வைத்துக்கொண்டு, அழுக்குத் துணியைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்.

"'விழுந்தா ஒண்ணும் மிஞ்சாது'. என்ன சார் இது, கல்லெடுத்து எறியிற மாதிரி?"

"கூரை விழும்னா வேற எப்படிச் சொல்றது?"

"'இறங்கும்'னு சொல்லலாம். அதுவும் கொஞ்சம் வேகம்தான். கூரையோட சுதந்திரத்தையும் மதிக்கணும் இல்லையா." யோசித்து யோசித்து எழுதினார்: 'கூரை கீழ்நோக்கிய பயணம் ஒன்றைப் பரிசீலித்துவருகிறது.' 'பரிசீலித்து' வந்துவிட்டதால் ஐந்து மார்க் கூடுதல் என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

அந்த ஒரு வரிக்கே இரண்டு நாள் ஆயிற்று. பிள்ளைகள் பற்றிய வரி இன்னும் மூன்று நாள் இழுத்தது. கடைசியில் அது 'இதனால் கூரைக்கும் மாணவச் செல்வங்களுக்கும் இடையிலான நெருக்கம் மேலும் கூடக்கூடும்' என்று வந்து சேர்ந்தது.

"இதைப் படிச்சா கூரையும் பிள்ளைங்களும் சொந்தக்காரங்க மாதிரியில்ல இருக்கு" என்றார் ரெஃப்ரி.

"ரொம்ப நன்றி சார். அந்த உணர்வு வரணும்னுதான் முயற்சி பண்ணோம்."

இந்த நாட்களில் வீட்டில் இருந்த இருப்பு சொல்லி மாளாது. ரெஃப்ரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குட்டியை இரண்டு நாள் வீட்டில் நிறுத்திப் பார்த்தார்கள். அவள் சிநேகிதிகள் எல்லாம் அங்கேதான் இருக்கிறார்கள் என்று அழுதாள். மனைவிக்கும் தாங்கவில்லை. "நம்ம பொண்ணை மட்டும் ஒளிச்சு வெச்சிட்டு, மத்த முப்பத்தேழு பேரோட அம்மாக்கள் கடைக்கு மருந்து வாங்க வந்தா நான் எந்த மூஞ்சியை வெச்சிக்கிட்டு எடுத்துக் கொடுக்கிறது?" என்றாள். மூன்றாம் நாள் அவளே கொண்டுபோய் விட்டாள். கதவுப் பக்கமாக உட்காரச் சொல்லிவிட்டு வந்தாள். விஷயம் பரவி எல்லா அம்மாக்களும் அதையே சொல்ல, மூன்றாம் வகுப்பு முழுவதும் கதவோரத்தில் ஒருவர் மடியில் ஒருவராக நெருக்கியடித்துக்கொண்டு படித்தது.

"என்னங்க, உங்க ஆபீஸ்ல என்னதான் பண்றாங்க?"

"ஒரு வரிதான் பாக்கி. 'உடனே'ங்கிறதை மாத்தணும்."

"என்னன்னு மாத்துறாங்க?"

"'காலம் கனியும்போது.'"

அவள் சட்டென்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். பாத்திரம் விழுகிற சத்தம் மட்டும் வந்தது.

ஒன்பதாம் நாள் கடிதம் போயிற்று. மேயர் உருகி உருகிப் பதில் எழுதினார். கடிதத்துக்குத் தொண்ணூற்று ஆறு, பதிலுக்குத் தொண்ணூற்று எட்டு. வாரியத்தின் வரலாற்றில் இருவருமே தொண்ணூறைத் தாண்டியது இதுதான் முதல் தடவை. ரெஃப்ரி மேற்பார்வையாளர் அம்மாவிடம் ஓடினார்.

"மேடம், தொண்ணூறு தாண்டிருச்சு. கோப்பைத் திறந்துடலாம்ல?"

"அதுல ஒரு சின்ன சிக்கல் சார். ரெண்டு பேரும் தொண்ணூறு தாண்டிட்டா அது மோதலே இல்ல. மோதல் இல்லைன்னா அதுக்கு விஷயம்னு ஒண்ணு இருக்க முடியாது. விஷயம் இல்லாததுக்குக் கோப்பு எப்படி சார் இருக்கும்?" ரெஃப்ரி வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார். "ஆனா தலைவர் ரொம்ப சந்தோஷப்பட்டுட்டார். வெள்ளிக்கிழமை கண்ணிய விழா. கடிதம் எந்த இடத்தைப் பத்தினதோ அங்கேயே வெச்சிக்கலாம்னு மேயர் ஆபீஸ்ல சொல்லியிருக்காங்க. ஏதோ ஒரு ஸ்கூல்ல ஏதோ ஒரு கிளாஸ்ரூமாம். பிள்ளைங்க வரவேற்புப் பாட்டு பாடுறாங்க."

வெள்ளிக்கிழமை மூன்றாம் வகுப்பில் தோரணம் கட்டியிருந்தார்கள். ஆணி அடித்தது கூரையில்தான். கதவுக்கு எதிர்ச் சுவரோரமாகத் தலைவருக்கு மெத்தை போட்ட நாற்காலி. அவர் விஷயத்தைப் படிக்காதவர், அதனால் மேலே பார்க்க அவருக்கு ஒரு காரணமும் இல்லை. பட்டு மேயர் வந்ததும் மேலே ஒரு பார்வை பார்த்தார். பார்த்துவிட்டு, பணிவே உருவாக, கதவை ஒட்டிக் கிடந்த கடைசி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். என்ன அடக்கம் என்று நாலு பேர் சொன்னார்கள். முப்பத்தெட்டுப் பிள்ளைகளையும் பாடுவதற்காக அறையின் நடுவில், அந்தத் தொப்பைக்கு நேர் கீழே நிறுத்திவைத்தார்கள். இரண்டாவது வரிசையில் குட்டி. கதவோரமாகவே நிறுத்தச் சொன்ன அம்மாக்களை வெளியே அனுப்பிவிட்டார்கள்; அவர்கள் ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

ரெஃப்ரிக்கு விழாவில் இரண்டு நிமிஷம் பேச இடம் கொடுத்திருந்தார்கள். பேச்சை மென்மைப் பிரிவு எழுதிக் கொடுத்திருந்தது. முதலில் தலைவர் உட்கார்ந்தபடியே பேசினார்.

"கண்ணியம் என்பது என்ன? ஒரு விஷயத்தை, அந்த விஷயம் யார் மனதையும் தொடாத வகையில் சொல்வதுதான் கண்ணியம்" என்று ஆரம்பித்தார். மைக் கீச்சிட்டது. கூரையிலிருந்து பொலபொலவென்று கொஞ்சம் கொட்டியது. தலைவர் தோளைத் தட்டிவிட்டுக்கொண்டு தொடர்ந்தார். "இந்த ஊரில் இனி யாரும் யாரையும் எதற்காகவும் அவசரப்படுத்தத் தேவையில்லை."

மேலே ஏதோ முறிகிற சத்தம் கேட்டது, சுள்ளி ஒடிகிற மாதிரி சின்னதாகத்தான். ரெஃப்ரி நிமிர்ந்து பார்த்தார். விரிசல் ஒன்று தொப்பையைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தார். 'பேரன்பிற்குரிய பெருமக்களே' என்று தொடங்கியிருந்தது. அந்தக் கணத்தில் அவருக்கு வாரியமும் தெரியவில்லை, ஆறு மாத வேலையும் தெரியவில்லை. இருபத்திரண்டு வருஷம் மைதானத்தில் கத்திய குரல் அடிவயிற்றிலிருந்து வந்தது.

"பிள்ளைங்களா, ஓடுங்க! வெளிய ஓடுங்க!"

பிள்ளைகளுக்கு அந்த மாதிரிக் குரலை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆறே விநாடியில் முப்பத்தெட்டுப் பேரும் வாசல் வழியே கொட்டினார்கள். அவர்களுக்கு முன்னால் பட்டு மேயர் போய் மைதானத்தில் நின்றுகொண்டிருந்தார். மேற்பார்வையாளர் அம்மாவும் செருப்பை விட்டுவிட்டு வந்து சேர்ந்தார். ரெஃப்ரி குட்டியைத் தூக்கி மனைவியின் பக்கத்தில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். தலைவர் மட்டும் உள்ளே நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"சார், வெளிய வாங்க சார்" என்று வாசலிலிருந்து கூப்பிட்டார்.

"இந்தக் குரலுக்கு நான் எழுந்திருக்க மாட்டேன், ரெஃப்ரி சார். நாலு ஆச்சரியக்குறியாவது இருக்கும் அதுல. முறைப்படி கேட்டா வர்றேன்."

ரெஃப்ரி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு முறைப்படி ஆரம்பித்தார். "பேரன்பிற்குரிய தலைவர் அவர்களே, தங்கள் மேலான வசதியைக் கருதி..."

"முதல்ல வணக்கம் வரணும்" என்றார் தலைவர்.

"வணக்கம். பேரன்பிற்குரிய தலைவர் அவர்களே..."

பக்கத்தில் யாரோ இடித்துக்கொண்டு போவது தெரிந்தது. அவருடைய மனைவிதான். தடுக்கக் கை நீட்டுவதற்குள் உள்ளே போய்விட்டாள்.

"யோவ், எந்திரிய்யா. உனக்கென்ன பைத்தியமா? வா வெளிய."

தலைவரை வாழ்நாளில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. என்ன பதில் சொல்வதென்று அவர் யோசிப்பதற்குள் மணிக்கட்டைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். நாற்காலி கவிழ்ந்தது. இருவரும் வாசலைத் தாண்டி நாலு எட்டு வைத்திருப்பார்கள். மூன்றாம் வகுப்புக் கூரை மொத்தமாக இறங்கியது.

புழுதி அடங்க வெகுநேரம் ஆயிற்று.  அம்மாக்கள் பிள்ளைகளை எண்ணினார்கள், மறுபடி எண்ணினார்கள். குட்டி அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டிருந்தாள். ரெஃப்ரி அவள் தலையில் கை வைத்தபடி நின்றார். அழுகை வந்தது, அழுதார். சற்றுத் தள்ளித் தலைவர் தலை முதல் கால் வரை வெள்ளையாக நின்றுகொண்டிருந்தார்.  கடைசியில் ஒருவழியாகக் குரல் வந்தது. அப்போதும் அது உயரவில்லை.

"அம்மா, நீங்க என்னை ஒருமையில கூப்பிட்டீங்க. அதுக்கு இருபது மார்க் போகும். நான் பதிவு பண்ணியே ஆகணும்."

"தாராளமாப் பதிவு பண்ணுங்க" என்றாள் ரெஃப்ரியின் மனைவி. "மொதல்ல என் கையை விடுங்க."

தலைவர் விடவில்லை. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.